கையெழுத்துக்கு ஒரு வாரம்

அம்மா நான்கு பைகளோடு வந்து இறங்கினாள். அதில் ஒன்று முழுக்கக் காலி. "இது எதுக்கும்மா?" என்று சின்னவள் கேட்டாள். "திரும்பிப் போறப்போ உன் துணிமணி வைக்கத்தான்" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு பொட்டு வெட்கம்கூட இல்லாமல். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சண்டைக்கு நாள் குறித்தாயிற்று!

சின்னவளுக்கு வயது முப்பத்திரண்டு. அக்காவுக்குப் பின்னால் பிறந்தவள் என்பதால் வந்த பெயர். தலை நரைத்தாலும் மாறப்போவதில்லை. பிறக்கும்போதே அவளுக்கு முதுகெலும்பு அடிப்பக்கத்தில் மூடாமல் இருந்தது. இரண்டாம் நாளே அறுத்து மூடினார்கள். முதுகு மூடிவிட்டது, அதற்குள் கெட்டுப்போன நரம்பு கெட்டுப்போனதுதான். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. காலில் காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் மாட்டி, இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தால் வீட்டுக்குள் பத்தடி நடப்பாள். மற்றபடி சக்கர நாற்காலிதான். சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மெல்லிய குழாய் வைத்து அவளே எடுத்துவிடுவாள். கைப்பேசி கூவும், போவாள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்டதும் சிலர் உதட்டைப் பிதுக்கி "அடப் பாவமே" என்பார்கள். அவர்களைக் கண்டால் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த இரண்டாம் மாடி வீட்டில் அவள் தனியாக இருக்க வந்து ஒரு வருடம் முடியப்போகிறது. சக்கரம் நுழைகிற அகலத்தில் கதவு, எப்போதும் வேலை செய்யும் லிஃப்ட், வேலைக்குப் போக ஏழு நிமிடம். இப்படி ஒன்று கிடைக்க ஏழு மாதம் அலைந்திருக்கிறாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. "தனியா இருக்கிற பொண்ணு, இந்த நிலைமையில... நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?" என்று இழுத்து இழுத்து, கடைசியில் பெற்றவர்கள் யாராவது பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்றார். சம்பாதிக்கிறவள் அவள், குடியிருக்கப்போகிறவள் அவள், கையெழுத்து மட்டும் அம்மாவுடையது! போன வருடம் அம்மா மூன்று வாரம் அழுது, "ஒரே ஒரு வருஷம்" என்று சொல்லிப் போட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அந்த ஒரு வருடம் முடிகிறது. "ஒரு வாரம் கூட இருந்து என் கண்ணால பாப்பேன். மனசுக்குச் சரின்னு பட்டா போடுவேன். இல்லேன்னா மூட்டையைக் கட்டு" என்று ஃபோனில் ஒற்றைக் காலில் நின்றாள்.

கையெழுத்து இல்லையென்றால் வீடு இல்லை. சரி, வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சின்னவளும் ஒப்புக்கொண்டாள். மறைக்க அவளிடம் என்ன இருக்கிறது?

முதல் நாள் அவள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா வீட்டைத் தலைகீழாக்கியிருந்தாள். கீழே இருந்த தட்டெல்லாம் மேல் அலமாரியில். ஹாலில் புதிதாக ஒரு கம்பளம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேசை, "வழியில நிக்குது" என்று ஜன்னலோரம் போய்விட்டது. சின்னவள் வாசலைத் தாண்டியதும் முன்சக்கரம் கம்பளத்தில் சுருட்டிக்கொண்டது.

"யாரும்மா இதை விரிச்சது?"

"தரை சில்லுனு இருக்குடி."

"எனக்குத் தெரியாதேம்மா. என் கால் என்கிட்ட எதுவும் சொல்றதில்லையே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க இருமினாள். பேசாமல் கம்பளத்தைச் சுருட்டினாள். தட்டு கீழே இறங்கியது. மேசை மட்டும் கட்டிலோரம் திரும்பி வர ஒரு மணி நேரம் வாக்குவாதம் ஆயிற்று.

சின்னவள் வேலை செய்வது பல் செட் செய்யும் லேபில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வார்த்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். உட்கார்ந்து செய்கிற வேலை, கண்ணும் விரலும் போதும். அவள் நிறுத்தும் பல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பக்கத்து மேசையில் பல்லைத் தேய்த்து மெருகு போடும் தாடிக்காரர் அவளைப் 'பல்லழகி' என்றுதான் கூப்பிடுவார். செவ்வாய்க்கிழமை ஒரு கீழ்வரிசையில் கடைவாய்ப் பல்லை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஆறாவது முறையாக ஃபோன் அடித்தது.

"சின்னது, உப்பு எங்கடி வெச்சிருக்க?"

"அடுப்புக்கு நேர் கீழ, முதல் டிராயர்."

"கீழயா? உப்பைப் போய் யாராவது கீழ வைப்பாங்களா?"

"உக்காந்து சமைக்கிறவங்க வைப்பாங்கம்மா."

"சரி, சாப்பிட்டியா? பாத்ரூம் போனியா?"

ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. தாடிக்காரர் மெருகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, உன் வாயில இருக்கிற செட்டு யாரு செஞ்சது?" என்றாள்.

"நீதான்."

"அதை வெச்சுத்தானே ரெண்டு வருஷமா மெல்லுற? உனக்குப் பல்லு செஞ்சு குடுத்தவ தனக்கு வேணுங்கறப்போ பாத்ரூம் போகமாட்டாளா?"

"வாய் மட்டும் வக்கணையா வளந்திருக்கு" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். அன்று ஏழாவது ஃபோன் வரவில்லை.

அம்மா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னவள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை, குளியலறைப் பிடியைப் பற்றிக் குளிக்கும் ஸ்டூலில் உட்காருவதை, படுக்கும் முன் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் தன் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல், கொப்புளம் ஏதுமில்லை என்று உறுதி செய்வதை. இதெல்லாம் ஒரு காலத்தில் அம்மா செய்த வேலைகள். வாசலில் நின்று பார்க்கும்போது அவளுடைய கைகள் தாமாக முன்னால் வரும், பிறகு முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வியாழக்கிழமை சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லை. நல்லாத்தான் வெச்சிருக்க" என்றாள்.

"என்னது? காதுல விழலை."

"விழுந்த வரைக்கும் போதும். ஞாயித்துக்கிழமை வரட்டும், போட்டுத் தொலைக்கிறேன்."

சின்னவளுக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. குதிக்கிற வசதி இல்லாததால் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. லேபிலிருந்து வீட்டுக்கு வரும் ஏழு நிமிடத்தில் தொப்பலாக நனைந்துவிட்டாள். உள்ளே வந்ததும் அம்மா துண்டோடு ஓடி வந்து தலையைத் துவட்டினாள். சின்னவள் தடுக்கவில்லை. நான்கு நாள் ஜெயித்துக்கொண்டே வந்த தைரியம், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்றிருந்தது. அம்மா காலிப்பரைக் கழற்றி, ஈரக் காலுறையை உருவினாள்.

"ஐயோ, காலு நீலம் பாரிச்சிருக்கேடி! இரு, தண்ணி வெக்கிறேன்."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா தினமும் அப்படித்தான் செய்வாள். ஒரு தொட்டியில் வெந்நீர், அதில் இரண்டு கால், எதிரே தரையில் அம்மா. தண்ணீரின் சூடு காலுக்குத் தெரியாது, அம்மாவின் பேச்சுத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல சின்னவள் வாயெடுத்தாள். வாய், "சரி வை" என்று சொல்லிவிட்டது.

அம்மா தொட்டியில் ஊற்றி, கையை விட்டுக் கலக்கிப் பார்த்தாள். "இதமா இருக்கு" என்றாள். எந்தத் தண்ணீரில் கால் வைப்பதானாலும் சின்னவள் முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். இந்த ஒரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அன்று பார்க்கவில்லை. அம்மாவின் கையே உள்ளே இருக்கிறது, அதற்கு மேல் என்ன சோதனை?

அம்மா முப்பது வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தவள். அந்தக் கதையெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. தங்க வந்தவர்கள் சட்டைப் பையில் விட்டுப்போகும் சாமான்கள், மேற்பார்வையாளரின் விக் கொதிதொட்டியில் விழுந்தது, ஒரு நாள் தலையணை உறையை உதறினால் உள்ளேயிருந்து முழுப் பல் செட் ஒன்று தரையில் விழுந்து சிரித்தது. "அப்பவே தெரிஞ்சிருக்கு பாரு, பெத்த பொண்ணு பல்லு வேலைக்குத்தான் போகும்னு!" சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! பத்துப் பன்னிரண்டு நிமிடம் போனதே தெரியவில்லை. கைப்பேசி கூவியது. குழாய் வைக்கிற நேரம். காலைத் தூக்கித் துண்டின்மேல் வைத்தாள்.

இரண்டு பாதமும் கருஞ்சிவப்பு. தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ அங்கே கோடு கிழித்த மாதிரி சிவப்பும் நின்றிருந்தது. இடது பாதத்தின் மேல் தோல் பொங்கத் தொடங்கியிருந்தது.

சின்னவள் குனிந்து முழங்கையைத் தொட்டியில் விட்டாள். சுரீர் என்றது. வெடுக்கென்று எடுத்தாள்.

"அம்மா, இது இன்னும் கொதிக்குதும்மா."

"இல்லையேடி." அம்மா மறுபடி கையை விட்டாள். அப்படியே வைத்திருந்தாள். "வெதுவெதுன்னுதானே இருக்கு..."

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முப்பது வருடம் கொதிநீரில் போர்வை அலசி, இஸ்திரித் தட்டில் விரிப்பு நீவிய கை அது. அந்தக் கைக்குச் சூடு தெரிவது எப்போதோ நின்றுவிட்டிருந்தது. தெரியாத காலை, தெரியாத கையை நம்பி வைத்துவிட்டார்கள்.

சின்னவளுக்குப் பயம் வந்தது. புண் ஆறாமல் கால் போய்விடுமோ என்ற பயம் இரண்டாவதுதான். வீடு போய்விடுமே என்பதுதான் முதலாவது. அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது, என்ன செய்வது! ஆனால் பயந்துகொண்டே கை வேலையைத் தொடங்கிவிட்டது. நாற்காலியைக் குளியலறைக்குத் தள்ளினாள், ஸ்டூலுக்கு மாறினாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பாதத்தின்மேல் மெல்ல ஓடவிட்டாள், கைப்பேசியில் இருபது நிமிடம் வைத்தாள்.

அம்மா பற்பசையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதைப் பல்லுக்கு வெச்சுக்கோம்மா. காலுக்கு எதுவும் தடவக்கூடாது."

"வெண்ணெய்? மாவு?"

"ஒண்ணும் வேணாம். சாப்பாடு மூடி வெக்கிற பிளாஸ்டிக் தாள் இருக்கு பாரு, மூணாவது டிராயர், அதை எடு, புண்ணை மூடணும். அப்புறம் டாக்ஸிக்குச் சொல்லு. பின்னால இடம் பெரிசா இருக்கிற வண்டியா கேளு."

அம்மா எடுத்தாள், சொன்னாள். பிறகு குளியலறைக் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானே வெச்சேனே... என் கையாலயே வெச்சேனே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவள் தண்ணீரை விட்டு நகர முடியாமல், அங்கிருந்தே, "அம்மா, அழறதுனா அப்புறமா ரெண்டு பேரும் சேந்து அழலாம். இப்ப மணி பாரு, எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டரம்மா ஒருத்தி. காலைப் பார்த்தாள், சின்னவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். "இவங்களை யார் பாத்துக்கறீங்க?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

"இல்ல, கூட இருந்து..."

"நான்தான் டாக்டர். தண்ணி அம்மா ஊத்துனாங்க, சூடு பாக்கவேண்டியது என் வேலை, இன்னிக்குப் பாக்கலை. உள்ள வெச்சது பன்னண்டு நிமிஷம், குளிர வெச்சது இருபது. கடைசி டெட்டனஸ் ஊசி ரெண்டு வருஷத்துக்கு முன்னால. முழங்காலுக்குக் கீழ உணர்ச்சி இல்லை, அதனால வலியைக் கேட்டு எதையும் கணக்குப் பண்ணாதீங்க. அப்புறம் அந்த ரப்பர் கிளவுஸ் எனக்கு ஆகாது, அலர்ஜி. வேற மாத்திக்கிறீங்களா?"

டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் சின்னவளிடம்தான். கொப்புளத்தை உடைக்காமல் கட்டுப் போட்டாள். ஆழம் அதிகமில்லை, கவனமாக இருந்தால் ஆறிவிடும். ஆனால் இரண்டு வாரம் காலிப்பர் கூடாது, கால் தொங்கக்கூடாது, கட்டை தினமும் மாற்றவேண்டும், ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும்.

சனிக்கிழமை முழுதும் அம்மா அடுப்படிப் பக்கம் போகவில்லை. சாப்பிடவில்லை. எதையும் தொடவும் இல்லை. கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து உத்தரத்தைப் பார்த்தாள். சொல்ல ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'ஒரு வருஷம் தனியா இருந்தேன், ஒரு கீறல் இல்லை. நீ வந்த அஞ்சாவது நாள் வெந்துச்சு.' சொன்னால் அம்மாவிடம் பதில் இருக்காது. சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அப்படி ஜெயித்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது? வாக்கியத்தை விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் காகிதத்தோடு வந்தார். சின்னவள் காலை நாற்காலியின் நீட்டுப்பலகையில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. காகிதத்தை நீட்டவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டார். வழக்கம்போல அம்மாவிடம்தான் பேசினார்.

"என்னம்மா இது? நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சே. தப்பா எடுத்துக்காதீங்க, இவ்வளவு பட்ட பிறகு இன்னும் எதுக்குத் தனியா? பேசாம உங்களோட கூட்டிட்டுப் போயிடலாமே. பெத்தவங்க கை மாதிரி வருமா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி அவர் முன்னால் காட்டினாள்.

"பாத்துக்குங்க. இதான் பெத்தவ கை. இந்தக் கைதான் அவ காலை வேக வெச்சது."

வீட்டுக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"இதுல சூடு தெரியாதுங்க. எனக்கே தெரியாது, தெரியாதுன்னு. இவ்வளவு நாள் எம் பொண்ணைத் தனியா விட்டுட்டோமேன்னு ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்தேன். கூட்டிட்டுப் போனா தினமும் இந்தக் கையிலதான் இருப்பா. இங்கன்னா அவ கையில இருப்பா. அவ கை நல்ல கை. பாத்தேனே, வெந்த உடனே நான் கத்திக்கிட்டு நின்னேன், அவ மணி பாத்துக்கிட்டு தண்ணி ஊத்துனா. குடுங்க அதை."

பேனாவை வாங்கி, நின்றவாக்கிலேயே சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "அடுத்த வருஷம் என்கிட்ட வராதீங்க. அவளே போடுவா. வேற யாராவது பயந்தா, பயப்படறவங்களே போட்டுக்கட்டும்." அவர் ஏதோ முனகினார். சின்னவளைப் பார்த்து, அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக, "அப்ப வரேம்மா, ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றார். போய்விட்டார்.

கதவு சாத்தியதும் அம்மாவின் தைரியமெல்லாம் இறங்கிப்போயிற்று. நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், தொடவில்லை.

"நான் எப்ப கிளம்பட்டும்?" என்று கேட்டாள்.

அம்மா அவளிடம் உத்தரவு கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஜெயித்தாயிற்று. வீடு அவளுடையது. ஆனால் சின்னவளின் நெஞ்சு சந்தோஷத்தில் துள்ளவில்லை; அம்மா தரையில் அப்படிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

"ரெண்டு வாரம் கழிச்சுக் கிளம்பு. தினமும் கட்டு மாத்தணும். எனக்கு ஆள் வேணும்மா."

"நர்ஸ் யாரையாவது வரச் சொல்லலாம்டி."

"உன்னைத்தான் கேக்கறேன்."

அம்மா நிமிர்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "இந்தக் கையை நீ இன்னுமா நம்புற?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நம்பலைம்மா. பக்கத்துல இருந்து நான் பாத்துக்கிறேன். நீ பண்ணு."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கை கழுவ எழுந்து போனாள்.